டேட்டா சென்டர் பக்கத்தில் வருகிறதா? சராசரிக் கணக்கை விடுங்கள், உச்ச நாள் கணக்கைக் கேளுங்கள்

வந்திருக்கும் கேள்வி இது: "எங்கள் பகுதியில் 100 மெகாவாட்டில் ஒரு டேட்டா சென்டர் வரப்போகிறது. தண்ணீர் கொஞ்சம்தான் செலவாகும், வேலை கிடைக்கும், வரி வரும் என்கிறது நிறுவனம். நிலத்தடி நீர் வற்றிவிடும், கதிர்வீச்சில் புற்றுநோய் வரும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். யாரை நம்புவது?"

கதிர்வீச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். டேட்டா சென்டர் என்பது சர்வர்களை அடுக்கி வைத்த கட்டடம். சர்வர் என்பது விசிறி வைத்த கம்ப்யூட்டர், அவ்வளவுதான். புற்றுநோயை உண்டாக்கும் கதிர் எதுவும் அதிலிருந்து சுவர் தாண்டி வருவதில்லை. மூச்சுக்குக் கெடுதல் வருவதாக இருந்தால் அது கட்டடத்தின் பின்னால் வரிசையாக நிற்கும் ஜெனரேட்டர்களிலிருந்து வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர், மின்சாரம் இரண்டிலும் நிறுவனம் தரும் எண்கள் பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. ஆனால் அவை ஆண்டுச் சராசரி. சுற்றி இருப்பவர்கள் அவதிப்படுவது சராசரி நாளில் இல்லை. வருடத்தில் மிகச் சூடான பத்துப் பதினைந்து நாட்களில்தான் குழாயில் தண்ணீர் குறைகிறது, மின்கம்பி திணறுகிறது, விசிறிகள் முழு வேகத்தில் அலறுகின்றன. மூன்றும் ஒரே நாளில் நடக்கின்றன என்பதுதான் விஷயம்.

டேட்டா சென்டர் குளிரூட்டும் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற மிக மலிவான வழி தண்ணீரை ஆவியாக்குவது. ஒரு யூனிட் மின்சாரத்தின் வெப்பத்தைத் தூக்கிச் செல்ல ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். இது இயற்பியல், எந்த நிறுவனமும் இதில் பேரம் பேச முடியாது. 100 மெகாவாட் என்றால் மணிக்கு 1 லட்சம் யூனிட். முழுக்க ஆவியாக்கியே குளிர வைத்தால் மணிக்கு ஒன்றரை லட்சம் லிட்டர், நாளுக்கு 36 லட்சம் லிட்டர். அதோடு முடியவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பு கூலிங் டவரின், அதாவது தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றும் கோபுரத்தின், தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பு ஏற ஏற அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். இதை ப்ளோடவுன் என்போம். உப்பு நான்கு மடங்கு ஏறும்வரை விட்டுப் பிடிக்கிறார்கள் என்று வைத்தால் இன்னொரு 12 லட்சம் லிட்டர். ஆக, உச்ச நாளில் 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் 400 லாரி.

வெயில் நாளில் மதியம் மூன்று மணிக்குக் கூலிங் டவர் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? மேலே விசிறி சுழல்கிற சத்தத்தில் பேச்சு கேட்காது. கண்ணாடியில் பொடிப் பொடியாக நீர்த்துளி படியும். அது காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக உப்பு நிற்கும். கீழே தொட்டியில் மிதவை வால்வு முழுக்கத் திறந்தே கிடக்கும், மூடுகிற பேச்சே இல்லை. குறைந்த தண்ணீரை ஈடுகட்ட உள்ளே வரும் மேக்கப் வாட்டர் மீட்டரின் கடைசி இலக்கம் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதே மீட்டர் குளிர்ந்த விடியற்காலையில் மெதுவாகிவிடும். இந்த இரண்டு நேரத்தையும் கூட்டி வகுத்து வருவதுதான் நிறுவனம் உங்கள் கையில் தரும் துண்டறிக்கையில் உள்ள எண். ஊரின் பம்பும் குழாயும் நீர்த்தேக்கமும் அந்த மதியத்தைத் தாங்க வேண்டுமே தவிர அந்தத் துண்டறிக்கையை அல்ல.

"எங்களுடையது க்ளோஸ்டு லூப், தண்ணீரே வீணாகாது" என்று சொன்னால் உடனே சந்தோஷப்படாதீர்கள். சர்வர்களுக்குள் சுற்றும் தண்ணீர் மூடிய சுற்றில் சுற்றுவது உண்மை. ஆனால் அந்தச் சுற்று பிடித்துக்கொண்டு வரும் வெப்பத்தை வெளியே எங்கேயாவது கொட்டியாக வேண்டும். எங்கே என்று கேளுங்கள். கூலிங் டவர் என்றால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். கார் ரேடியேட்டர் மாதிரி வெறும் காற்றாலேயே ஆற்றுகிறோம் என்றால் மட்டுமே தண்ணீர் மிச்சம். அப்படியும் செய்கிறார்கள். குளிரூட்டலுக்குத் தண்ணீரை ஆவியாக்காத வடிவமைப்புக்கு மாறுவதாக மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பரில் அறிவித்தது. ஒரு டேட்டா சென்டருக்கு வருடம் 12.5 கோடி லிட்டருக்கு மேல் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு.

இதற்கும் விலை உண்டு. ஆவியாக்காமல் குளிர வைக்க சில்லர்கள், அதாவது பெரிய ஏசி மாதிரியான இயந்திரங்கள், கூடுதல் மின்சாரம் தின்னும், அதுவும் வெளிக்காற்று சூடாக இருக்கும்போதுதான் அதிகமாக. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், கூலிங் டவர் வைத்த அனல் மின் நிலையம் ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் செலவழிக்கும். வேறு ஊரின் தண்ணீர், அவ்வளவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதனால் "தண்ணீர் பூஜ்யம்" என்பவரிடம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நடந்தவற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்று ஒரு சிறு நகரம். அங்கே கூகுளின் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்று அந்த மாநிலப் பத்திரிகை ஒன்று கேட்டபோது, அது வணிக ரகசியம் என்று நகர நிர்வாகமே நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்த பிறகு 2022 இறுதியில் வழக்கைக் கைவிட்டு எண்ணை வெளியிட்டார்கள்: 2021இல் 35.5 கோடி கேலன், அதாவது சுமார் 134 கோடி லிட்டர். நகரத்தின் மொத்தத் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல். எண்ணை விட எனக்கு உறுத்துவது, தண்ணீருக்குச் சொந்தக்காரர்களிடமிருந்தே அதை மறைக்க அவர்களுடைய நகர நிர்வாகமே வழக்காடியது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளந்தார்கள், அளவைத்தான் சொல்லவில்லை.

உருகுவேயில் 2023இல் கடும் வறட்சி. தலைநகர் மான்டேவீடியோவில் குழாய்த் தண்ணீரில் உப்பு கரித்தது. அந்த நேரத்தில்தான் பக்கத்தில் திட்டமிட்டிருந்த கூகுள் டேட்டா சென்டருக்கு நாளொன்றுக்கு 76 லட்சம் லிட்டர் கேட்டிருந்தது தெரியவந்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு திட்டத்தின் அளவைச் சுருக்கி, காற்றால் குளிரூட்டும் முறைக்கு மாற்றினார்கள். மாற்ற முடிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதலிலேயே அப்படிச் செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, செலவு.

நல்ல உதாரணமும் உண்டு. பின்லாந்தில் ஹமினா என்ற இடத்தில் ஒரு பழைய காகித ஆலையை வாங்கி, அதன் கடல்நீர்ச் சுரங்கக் குழாயையே பயன்படுத்திக் குளிரூட்டுகிறது கூகுள். அமெரிக்காவின் லவுடன் கவுன்டியில் பல டேட்டா சென்டர்கள் சுத்திகரித்த கழிவுநீரை வாங்குகின்றன. குடிநீர்க் குழாயில் கை வைக்காமல் இருக்க இதுவே பல இடங்களில் நடைமுறைக்கு ஒத்த வழி. கேட்க வேண்டியது ஒன்றுதான்: சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி நின்றால் அன்றைக்கு எந்தக் குழாயைத் திறப்பார்கள்?

ஏஐயிடம் ஒரு கேள்வி கேட்டால் அரை லிட்டர் தண்ணீர் போகிறது என்று சுற்றும் செய்தியை மறந்துவிடுங்கள். முதலில் வந்த ஆய்வே பத்து முதல் ஐம்பது பதில்களுக்குச் சேர்த்துத்தான் அரை லிட்டர் என்றது. நடுத்தரமான ஒரு கேள்விக்கு 0.26 மில்லிலிட்டர் என்று கூகுள் 2025இல் சொன்னது. இரண்டும் வெவ்வேறு எல்லைக்குள் அளந்தவை. எது சரியானாலும் உங்கள் ஊர்க் குழாய்க்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். உலகக் கணக்கில் இது சின்ன எண். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் 2024இல் எல்லா டேட்டா சென்டர்களும் சேர்ந்து 41,500 கோடி யூனிட், அதாவது உலக மின்சாரத்தில் ஒன்றரை விழுக்காடு. 2030இல் இது 94,500 கோடி ஆகும் என்கிறார்கள். அப்போதும் மூன்று விழுக்காட்டை எட்டாது. ஆனால் டேட்டா சென்டர்கள் உலகம் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, ஈ மொய்ப்பது போல ஓரிடத்தில் மொய்க்கின்றன. அயர்லாந்தில் 2015இல் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு எடுத்தவை 2023இல் 21 விழுக்காடு எடுத்தன. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்ததைவிட அது அதிகம். டப்ளின் சுற்றுவட்டாரத்தில் புதிய இணைப்பு கொடுப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவைத்தார்கள்.

ஏஐ வந்தபின் இந்த அடர்த்தி இன்னும் ஏறிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சர்வர்களை அடுக்கும் ஒரு ரேக்குக்கு 5 முதல் 10 கிலோவாட் என்பதுதான் வழக்கம். ஏஐ சிப் செய்யும் என்விடியாவின் இன்றைய ரேக் ஒன்று 120 கிலோவாட்டும் அதற்கு மேலும் இழுக்கிறது. ஓர் அலமாரி அளவு பெட்டிக்குள் ஒரு தெருவின் மின்சாரம்.

இதன் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கு மின்சாரம் நிர்வகிக்கும் பிஜேஎம் என்ற அமைப்பு, உச்சத் தேவைக்கு மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க ஏலம் விடுகிறது. 2024-25க்கு ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 29 டாலராக இருந்த விலை, அடுத்த ஆண்டுக்கு 270 டாலராக ஏறியது. அந்த ஏற்றத்தில் 930 கோடி டாலர் டேட்டா சென்டர் தேவையால் வந்தது என்று அந்தச் சந்தையின் சுதந்திரக் கண்காணிப்பாளரே கணக்கிட்டார். டேட்டா சென்டர் பக்கமே போகாதவர்களின் வீட்டு பில்லிலும் அது ஏறியது. இங்கேயும் விலையை நிர்ணயிப்பது அந்த உச்ச நேரம்தான், சராசரி இல்லை.

இன்னொரு கோளாறு: ஒரே நிறுவனம் நான்கு இடங்களில் இணைப்புக்கு விண்ணப்பிக்கும், எது முதலில் கிடைக்கிறதோ அங்கே போகும். மற்ற மூன்று இடங்களிலும் சப்ஸ்டேஷன் கட்டிய செலவு மக்கள் தலையில். ஒகாயோ மாநிலத்தில் இதற்கு 2025 ஜூலையில் ஒரு கடிவாளம் போட்டார்கள். கேட்ட மின்சாரத்தில் 85 விழுக்காட்டுக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், 12 வருடம் வரை பணம் கட்ட வேண்டும். விளைவு? 30,000 மெகாவாட் அளவில் நின்ற விண்ணப்பங்கள் 13,000க்கு இறங்கின. மீதியெல்லாம் துண்டு போட்டு இடம் பிடித்தவை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று. 2024 ஜூலை 10 அன்று வடக்கு வர்ஜீனியாவில் 230 கிலோவோல்ட் லைன் ஒன்றில் பழுது. லைன் தானாக மறுபடி மறுபடி இணைய முயன்றதில் ஒன்றரை நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னழுத்தம் இறங்கி ஏறியது. டேட்டா சென்டரின் யூபிஎஸ்ஸுக்கு இது பிடிக்காது. ஒரு நிமிடத்தில் மூன்று முறை ஆட்டம் கண்டால் கிரிட்டை, அதாவது பொது மின் வலையை, நம்பாமல் சொந்த மின்சாரத்துக்குத் தாவிவிடும்படி பலவற்றை அமைத்திருப்பார்கள். அப்படியே ஒரே நேரத்தில் தாவின. சுமார் 1,500 மெகாவாட் சுமை திடீரென்று கிரிட்டிலிருந்து காணாமல் போனது. பாரம் ஏற்றிய வண்டியிலிருந்து மூட்டையெல்லாம் ஒரே நேரத்தில் குதித்துவிட்டால் வண்டி எப்படித் துள்ளுமோ அப்படி. அன்றைக்குச் சமாளித்துவிட்டார்கள். ஆனால் கிரிட்டில் இருப்பவர்கள் அதுவரை மின் நிலையம் ஒன்று திடீரென நிற்பதற்குத்தான் தயாராக இருந்தார்கள், வாடிக்கையாளர்கள் கூட்டமாக எழுந்து போவதற்கு இல்லை.

சரி, ஜெனரேட்டர்கள். 100 மெகாவாட்டுக்கு 2, 3 மெகாவாட் அளவில் நாற்பது ஐம்பது டீசல் ஜெனரேட்டர்கள் நிற்கும். அவசரத்துக்கு மட்டும் என்பார்கள். மாதம் ஒரு முறை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போதுதான் கரும்புகை அதிகம். ஒன்று 2 மெகாவாட்டில் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு 500 லிட்டர் டீசல் குடிக்கும். எல்லாவற்றையும் ஒரே காலையில் சோதிக்காமல், நாள் பிரித்து, காற்று குடியிருப்புப் பக்கம் வீசாத நேரத்தில் ஓட்டுவது ஒரு பைசா செலவில்லாத மரியாதை. இதை அனுமதி நிபந்தனையாகவே எழுதச் சொல்லலாம். அவசரத்துக்கு என்று வைத்தது அன்றாடமாகிவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஈலான் மஸ்க்கின் ஏஐ நிறுவனமான எக்ஸ்ஏஐயின் டேட்டா சென்டருக்குக் கிரிட் மின்சாரம் போதாமல், வாயு டர்பைன்களை லாரியில் கொண்டுவந்து நிறுத்தி ஓட்டினார்கள். 35 வரை நின்றதை 2025இல் வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. தற்காலிகம் என்பதால் அனுமதி தேவையில்லை என்பது அவர்கள் வாதம். ஜூலையில் 15க்குத்தான் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே தொழிற்சாலைப் புகையில் இருந்த கறுப்பினக் குடியிருப்புகள்தான் அருகில் இருந்தவை.

சத்தம் பற்றி யாரும் முன்கூட்டிக் கவலைப்படுவதில்லை, வந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. விசிறிகளின் சத்தம் அடித்தொண்டை முனகல் மாதிரியானது. ஜன்னலை மூடினால் கீச்சுக்குரல் நிற்கும், இது சுவர் தாண்டி வரும். வழக்கமான டெசிபல்-ஏ அளவுகோல் மனிதக் காதை ஒட்டி அமைந்தது, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே எண்ணும். ஆகவே மீட்டர் விதிக்குள் இருக்கிறது என்று சொல்லும், படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராது. டெசிபல்-சி அளவிலும், இரவு இரண்டு மணிக்கும், எல்லா விசிறியும் முழு வேகத்தில் ஓடும் நிலையிலும் அளக்கச் சொல்லுங்கள். அரிசோனாவின் சாண்ட்லர் நகரம் பல வருடப் புகார்களுக்குப் பிறகு 2022இல் டேட்டா சென்டர்களுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. கட்டிய பிறகு விசிறியை மாற்றுவது பெரும் செலவு. வரைபடத்தில் மாற்றுவது சுலபம்.

வேலைவாய்ப்பு பற்றி ஒரே ஓர் எண் போதும். வர்ஜீனியா சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் தந்த அறிக்கையின்படி, 2.5 லட்சம் சதுர அடிக் கட்டடத்துக்குக் கட்டும் காலத்தில் உச்சமாக 1,500 பேர், கட்டி முடித்தபின் ஏறக்குறைய 50 பேர், அதிலும் பாதி ஒப்பந்தக்காரர்கள். உங்களுக்குச் சொல்லப்படும் எண் எந்த ஆண்டினுடையது என்று பாருங்கள்.

வரியில் நிறுவனங்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை. அதே அறிக்கை, சில உள்ளாட்சிகளின் வருவாயில் 31 விழுக்காடு வரை டேட்டா சென்டர்களிலிருந்து வருவதாகச் சொல்கிறது. பள்ளிக்கூடமும் சாலையும் அதில் நடக்கின்றன, மற்றவர்களின் சொத்து வரி குறைகிறது. மறுபக்கம், மாநிலம் ஒரே ஆண்டில் 92.8 கோடி டாலர் விற்பனை வரியை விட்டுக்கொடுத்தது. சர்வர்களின் மதிப்பு ஐந்தாறு வருடத்தில் தேய்ந்துவிடும். கருவி மீதான வரியும் அதனுடன் தேயும், புதிய சர்வர் வாங்கிப் போட்டால்தான் மீளும். வரி இருபது வருடம் ஒரே சீராக வரும் என்று பட்ஜெட் போட்டால் ஏமாறுவீர்கள்.

வெப்பத்தை வீடுகளுக்குக் கொடுப்போம் என்று யாராவது சொன்னால்: டென்மார்க்கின் ஓடென்ஸில் மெட்டா அப்படிக் கொடுக்கிறது. அங்கே நகரம் முழுக்க வெந்நீர்க் குழாய் வலை ஏற்கெனவே இருந்தது. குழாயும் குளிரும் இல்லாத இடத்தில் அது வெறும் வாக்குறுதி.

எதிர்க்கலாமா வேண்டாமா என்று கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கிற ஆள் இல்லை. இதைப் படிப்பதற்கும் எங்கோ ஒரு சர்வர் ஓடுகிறது. ஆனால் உச்ச நாளில் எத்தனை லிட்டர், எந்தக் குழாயிலிருந்து; உச்ச மணியில் எத்தனை மெகாவாட், நிறுவனம் வராமல் போனால் அந்தச் செலவை யார் கட்டுவது; இரவில் எவ்வளவு சத்தம்; ஜெனரேட்டர் எத்தனை, எப்போது ஓடும் என்ற நான்கும் எழுத்தில், ஒப்பந்தத்தில், மீறினால் அபராதத்தோடு வராத வரை கையெழுத்துப் போடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட டேட்டா சென்டர்கள் மின்சாரம், தண்ணீர்க் கணக்கை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே கொடுக்க முடிகிற எண்ணை இங்கே கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கையெழுத்துக்கு முன்னால்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. நெதர்லாந்தின் சேவோல்டேயில் 2022 உள்ளாட்சித் தேர்தலில் எதிர்ப்பாளர்கள் அதிக இடம் பிடித்தார்கள், அதே வருடம் ஜூலையில் மெட்டா திட்டத்தைக் கைவிட்டது. அங்கே அப்போது ஒரு செங்கல்கூட வைத்திருக்கவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மேடையில் இருப்பவர்களிடம் உச்ச நாள் தண்ணீரைக் கேட்டால் "பிறகு தெரிவிக்கிறோம்" என்பார்கள். ஓரமாக லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியரைப் பார்த்துக் கேளுங்கள். குழாயின் விட்டத்தை அந்த எண்ணை வைத்துத்தான் அவர் முடிவு செய்திருப்பார். அது அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.